தேக்கு வந்தது, தரைக்கு இறங்கவில்லை

செட்டிநாடு என்றதும் காரைக்குடியும் கானாடுகாத்தானும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் நகரத்தார் ஊர்களில் கணிசமானவை இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, அரிமளம், நச்சாந்துபட்டி, குழிபிறை என்று திருமயம் வட்டாரத்திலேயே வரிசையாகச் சொல்லலாம். அங்குள்ள பெரிய வீடுகளைப் பற்றி எழுதாதவர் இல்லை. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்ற பட்டியல் நமக்கு மனப்பாடம்.

அந்தப் பட்டியலில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. தூண் தேக்கு, நிலை தேக்கு, கதவு தேக்கு, உத்தரம் தேக்கு. அண்ணாந்து பார்த்தால் பலகையும் தேக்கு. குனிந்து பார்த்தால் மட்டும் கல், மார்பிள், ஆத்தங்குடிக் கல், காவி போட்ட சிமெண்ட். மாடியில் அங்கங்கே பலகைத் தளம் உண்டுதான். கீழ்த்தளத்தில் மரத்தரை போட்ட வீடு ஒன்றைக்கூட இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. இவ்வளவு மரத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர்கள், காலுக்குக் கீழே ஒரு பலகை போட ஏன் நினைக்கவில்லை?

காசு இல்லாமல் இல்லை. மரத்தரையைப் பார்க்காமலும் இல்லை. 1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்த நெல் பூமியில் வட்டித் தொழில் செய்தவர்கள் அங்கே பார்த்ததெல்லாம் மரவீடுதான். பர்மிய வீடு கால்களின் மேல் நிற்கும். தரை மண்ணைத் தொடாது. வசதியுள்ளவர் வீட்டில் அது தேக்குப் பலகை. இன்வாவில் 1834-ல் கட்டிய பகயா மடாலயம் 267 தேக்குத் தூண்களில் நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கும் வழக்கம் அவர்களுக்கும் நமக்கும் பொது. மரத்தரைக்கு அதைவிட நல்லது வேறில்லை. மரத்தரையைத் தேய்ப்பது பெரும்பாலும் செருப்போடு வரும் மணல்தான்.

பராமரிப்புக்கு அவர்கள் வைத்திருந்த மருந்து இன்னும் சுவாரசியம். ஐராவதி ஆற்றங்கரையில் யேனான்ஜாவ் என்ற ஊரில் கையால் தோண்டிய கிணறுகளிலிருந்து கச்சா எண்ணெய் எடுத்தார்கள். 1795-ல் ஆங்கிலேயத் தூதர் மைக்கேல் சைம்ஸ் போனபோதே அது நடந்துகொண்டிருந்தது. விளக்கெரிக்கப் போக, மீதி மரத்தில் பூசக் கரையான் அண்டாது. ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'மண்ணெண்ணெய்'. நம் வார்த்தை அங்கிருந்து வந்தது என்று சொல்ல வரவில்லை, ஆனால் பொருத்தம் அழகாக இருக்கிறது.

ஆக பர்மாவில் தரையைக் கூட்டுவார்கள், துடைப்பார்கள், எண்ணெய் பூசுவார்கள். நாம் என்ன செய்வோம்? கழுவிவிடுவோம்.

எனக்குக் கிடைத்த பதில் இந்த ஒரு வினைச்சொல்லில்தான் இருக்கிறது. விடிந்தால் வாசல் தெளிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வீடு கழுவ வேண்டும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், துக்கம் நடந்த வீட்டில் காரியம் முடிந்ததும், குடம் குடமாகத் தண்ணீர். மண்தரைக் காலத்தில் சாணி மெழுகியபோதும் அது ஈர வேலைதான். செட்டிநாட்டு வீட்டின் தரையே இதற்காகப் போட்டது. பட்டாலையிலிருந்து வளவுக்கு வாட்டம், வளவு முற்றத்திலிருந்து மடைக்கு வாட்டம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வாரியலால் தள்ளினால் தானாக வெளியே போய்விடும். நம் கணக்கில் தண்ணீர் படாத தரை சுத்தமான தரையே அல்ல. வெறும் அழுக்கு நீக்கும் விஷயம் இல்லை இது. தீட்டு, மடி, மங்கலம் எல்லாம் இதில் இருக்கிறது.

மரத்துக்கு இது ஒத்துவராது. மரம் நாரின் நீளவாக்கில் பெரிதாக நீளாது. குறுக்கே மட்டும் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பச்சை மரம் முழுதாகக் காயும்போது தேக்கு ஆரவாக்கில் சுமார் 2.5 சதவீதமும் வளையவாக்கில் சுமார் 5.8 சதவீதமும் சுருங்கும். ஐரோப்பியத் தரைகளுக்குப் பேர்போன ஓக் மர வகைகளில் வெள்ளை ஓக்குக்கு இது கிட்டத்தட்ட இரட்டிப்பு. அப்படிப்பட்ட தேக்கையே தினமும் நனைத்துக் காயவிட்டால் பலகை ஓரம் தூக்கும், இடுக்கு திறக்கும், இடுக்கில் தண்ணீர் நிற்கும். கீழே நம்ம ஊர்ச் செம்மண். கரையானுக்குச் சொல்லியா தரவேண்டும்? தேக்கின் வைரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது என்பது உண்மை. வைரத்தைச் சுற்றியுள்ள வெளுத்த பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கப்பல் தளம் தேக்குதானே, அதைத் தினமும் கழுவினார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1817-ல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. ஆனால் கப்பல் தளத்தின் ஒவ்வொரு இடுக்கிலும் தார் தோய்த்த நார் அடைத்திருக்கும். கழுவியது உப்புத் தண்ணீரில். உப்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். அதையே வேலையாகப் பார்க்க ஒரு பட்டாளம் ஆள் உண்டு. மாலுமிகளுக்குக் கூடப் பிறந்த எதிரி மழைத்தண்ணீர்தான்.

இதே சிக்கல் பிரான்சின் ராஜாவுக்கும் வந்தது. வெர்சாய் அரண்மனையில் முதலில் போட்டது மார்பிள் தரை. அதைக் கழுவிக் கழுவி, அடியில் தாங்கிய மரச்சட்டங்கள் உளுத்துப்போயின. அதனால் 1684-ல் மார்பிளை எடுத்துவிட்டு மரப்பலகைகளைக் கட்டங்கட்டமாகக் கோத்த தரையைப் போட்டார்கள். 'வெர்சாய் பார்க்கே' என்று இன்றும் உலகெங்கும் விற்கும் டிசைன் அதுதான். அவர்கள் கழுவுவதை விட்டுவிட்டுத் தரையை மாற்றினார்கள். நாம் கழுவுவதை விடவில்லை, தரையைக் கல்லாகவே வைத்துக்கொண்டோம். எந்தத் தரை என்பதை அலங்காரம் தீர்மானிக்கவில்லை, துடைப்பம்தான் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் வெர்சாயின் வியாதி நம் மாடிகளிலும் உண்டு. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லை ஓரவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் காரையும் கல்லும். மெட்ராஸ் டெரஸ் என்று இன்ஜினியர்கள் சொல்வது இதைத்தான். மாடியில் நாம் மிதிப்பது காரை, நம்மைத் தாங்குவது மரம். மேலே ஊற்றும் தண்ணீர் விரிசல் வழியாக நேரே சட்டத்துக்குத்தான் போகும். 'மாடியில தண்ணி ஊத்தாதே, துணியை முறுக்கிப் பிழிஞ்சு தொடை' என்று பெரிய வீடுகளில் வயதான ஆச்சிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மரத்தரைப் பராமரிப்புக்கு உலகத்தில் எந்தக் கம்பெனி அச்சடித்த குறிப்பை எடுத்தாலும் முதல் வரி இதுதான்.

மரத்துக்கு நம்மிடமும் மருந்து இருந்தது. வேப்பெண்ணெய் ஒன்று. இன்னொன்று முந்திரிக்கொட்டை எண்ணெய், அதாவது பருப்பின் மேலோட்டில் இருக்கும் கருப்புச் சாறு. தோலில் பட்டால் வெந்துபோகும். கரையானும் கிட்ட வராது. தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தி வறுத்த முந்திரி வாங்காதவர் மாவட்டத்தில் குறைவு. சாதாரண ஓட்டு வீட்டில் பனங்கைக்கும் சட்டத்துக்கும் பூசியது அந்த ஓட்டின் எண்ணெய்தான். யேனான்ஜாவ் கிணற்றுக்கு நம்ம ஊர்ப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் மட்டையும் நம்மிடம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. பிலிப்பைன்ஸில், நம் வேங்கை மரத்தின் உறவுமுறையான நர்ரா பலகையில் தரை போட்டு, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையை ஒரு காலால் மிதித்து முன்னும் பின்னும் தேய்த்தே பளபளப்பாக்குவார்கள். 'புனோட்' என்று பெயர். வாழையிலையையும் மெருகுக்குப் பயன்படுத்துவார்கள். தேங்காயும் வாழையும் வெப்பமும் மழையும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே. தண்ணீர் ஊற்றும் பழக்கம்தான் வேறு.

இந்த வீடுகளின் கதை எங்கே திரும்பியது என்பது தெரிந்ததுதான். 1930 நெருக்கடியில் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். காசு மண்ணாக மாறி அங்கேயே நின்றுவிட்டது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது; பிறகு நடந்தே திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

வீடு மட்டும் நின்றது. ஆனால் வீடு நிற்க ஆள் வேண்டும். 40 பேர் புழங்கிய வீட்டைப் பார்த்துக்கொள்ள இப்போது ஒரு அம்மா, மாதத்தில் சில நாள். அவர் முகப்பைக் கூட்டுவார், சாமி அறையில் விளக்கேற்றுவார். மாடிக்கு ஏறி, வடிகுழாயில் அடைத்த வேப்பிலையை யார் எடுப்பது? புதுக்கோட்டையில் வருஷத்துக்குச் சுமார் 900 மி.மீ. மழைதான், அதில் கணிசமான பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். அடைத்த குழாயில் நின்ற தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவருக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் முனையில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். வெளியே தெரியும் நடுப்பகுதி வருஷக்கணக்கில் பளபளவென்றே இருக்கும். ஒரு நாள் மொத்தமாக இறங்கும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதைக் கொண்டாடியவர்களில் யாராவது இந்த வடிகுழாய்களுக்கு ஒரு ஏணி வாங்கிக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் வீடு இடிபடும்போது கதவும் தூணும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. உத்தரமும் சட்டமும் மர வியாபாரியிடம். 2014 ஏப்ரலில் மியான்மர் முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியபின் பழைய பர்மா தேக்குக்கு மவுசு இன்னும் கூடியது. அதை அறுத்து, ஓரம் சீவி, சென்னையிலும் பெங்களூரிலும் புது வீடுகளுக்குத் தரைப்பலகையாகப் போடுகிறார்கள். நூறு வருஷம் தலைக்கு மேலே இருந்த மரம் இப்போதுதான் காலுக்குக் கீழே வந்திருக்கிறது.

அப்படித் தரை போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், செய்ய வேண்டியது குறைவுதான். தினமும் மெல்லிய பூந்துடைப்பத்தால் உலரக் கூட்டுங்கள், வாசலில் மிதியடி போட்டு மணலை அங்கேயே நிறுத்துங்கள். துடைப்பதானால் துணியைச் சொட்டாமல் பிழிந்து, பலகையின் நீளவாக்கில் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை. பினாயிலும் வேண்டாம், வாளியும் வேண்டாம். எண்ணெய் பூசிய தரையென்றால் வருஷம் ஒருமுறை மெல்லிசாக எண்ணெய் ஏற்றி மிச்சத்தைத் துடைத்தெடுத்துவிடுங்கள். பலகையில் அங்கங்கே மெழுகோ மரத்தூள் பசையோ வைத்து அடைத்த சின்ன வட்டங்கள் இருக்கும். பழைய ஆணி இருந்த இடம் அது. அடைப்பு தளர்ந்தால் திரும்ப அடைத்துவிடுங்கள், தண்ணீர் முதலில் அது வழியாகத்தான் இறங்கும்.