கயற்கொடி யாருக்கு உரியது?



குற்றாலத்தின் சாரலில் நனைந்து திரும்புவோர் அறிந்த இரண்டு ஊர்கள் எங்கள் பகுதியில் அருகருகே உள்ளன. ஒன்று தென்காசி, பாண்டியரின் கயற்கொடிக்கு உரிய நிலம். மற்றொன்று செங்கோட்டை, பல தலைமுறைகள் திருவிதாங்கூர் அரசின் வலம்புரிச் சங்கு முத்திரையின்கீழ் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த நிலம். கயலுக்கும் சங்குக்கும் இடையே சில கல் தொலைவுதான். இவ்விரு சின்னங்களுக்கிடையே வளர்ந்தவன் நான். அரசர்களின் சின்னங்களைப் பற்றிச் சிந்திக்க நேர்ந்ததோ, ஆசிரியத் தொழிலில் பல ஆண்டுகள் கழிந்த பின்னர், ஒரு சண்டையின் மூலம்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஒரு நாள் நண்பகல் இடைவேளையில் இரண்டு மாணவர்களை என்னிடம் இழுத்து வந்தார்கள். ஒருவனுடைய சட்டை கிழிந்திருந்தது. மற்றவனுடைய உதடு வீங்கியிருந்தது. இருவர் குறிப்பேடுகளின் மேலட்டையிலும் இரட்டைக் கயல் வரையப்பட்டிருந்தது. "பாண்டியர் எங்கள் வகுப்பார், மீன் எங்களுடையது" என்றான் ஒருவன். "இல்லை ஐயா, எங்களுடையது" என்றான் மற்றவன். இருவரையும் கண்டித்து அனுப்பிவிட்டேன். ஆயினும் அவர்கள் எழுப்பிய வினா என்னைவிட்டு அகலவில்லை. அரசனுடைய சின்னம் அவனுக்குப் பின் யாருக்கு உரியது?

இவ்வினாவுக்குச் சட்டம் வகுத்து விடை கண்ட நாடு இங்கிலாந்து. அங்கே மன்னனும் பிரபுக்களும் தத்தம் கேடயத்தில் மரபுச்சின்னம் தீட்டிக்கொண்டனர். மன்னனுடைய கேடயத்தில் மூன்று சிங்கங்கள். இச்சின்னங்களை மேற்பார்க்க மூன்றாம் ரிச்சர்டு மன்னன் 1484இல் ஒரு கழகத்திற்குப் பட்டயம் வழங்கினான். அங்கே அடிப்படை விதி ஒன்று உண்டு. சின்னம் ஒரு குடிப்பெயருக்கு உரியதன்று; அதைப் பெற்ற ஒருவனுக்கும், முறைப்படி அவன் வழிவந்தோருக்குமே உரியது. ஒரே குடிப்பெயர் தாங்கியவர் என்பதனால் எவரும் அதை எடுத்துக்கொள்ள இயலாது.

அரச குடும்பத்தில் பிறந்தவர்களும் அரசன் கேடயத்தை அப்படியே ஏந்தலாகாது. இளவரசர்கள் மேற்புறத்தில் தொங்கல்கள் அமைந்த ஒரு பட்டையைச் சேர்த்து வேறுபடுத்த வேண்டும். அரசகுலத்தின் கிளையாகிய போபோர்ட் குடும்பத்தார் அரசச் சின்னத்தைச் சுற்றி வெள்ளையும் நீலமும் மாறிமாறி வரும் கரை ஒன்றைத் தீட்டிக்கொண்டனர். இரண்டாம் சார்லசு மன்னனுக்கு மணவுறவுக்குப் புறம்பே பிறந்து பிரபுக்களான மைந்தர் சிலர், அரசச் சின்னத்தின் மேல் குறுக்கே சாய்ந்த ஒரு கோலைத் தாங்கினர். 'நான் அரசனோடு உறவுடையவன்; ஆயினும் அரசன் அல்லேன்' என்று அந்தக் கரையும் கோலும் பேசாமல் பேசின.

அந்த வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஹோவர்டு குடும்பத்தின் வரலாறே சான்று. 1513இல் பிளாடன் போரில் ஸ்காட்லாந்து மன்னனை வென்ற படைக்குத் தலைமை தாங்கியவர் தாமஸ் ஹோவர்டு. அவ்வெற்றிக்குப் பரிசாக எட்டாம் ஹென்றி மன்னன், வாயில் அம்பு தைத்த பாதிச் சிங்கத்தை அவர் கேடயத்தில் சேர்த்துக்கொள்ள அனுமதித்தான். ஸ்காட்லாந்தின் அரசச் சின்னத்திலுள்ள சிங்கமே அது. அவருடைய பேரனும் கவிஞருமாகிய ஹென்றி ஹோவர்டு, பழைய மன்னன் எட்வர்டின் சின்னத்தைத் தம் கேடயத்தில் சேர்த்துக்கொண்டார் என்று குற்றம் சாட்டப்பட்டார். அரியணைக்கு ஆசைப்பட்டதாக அது கருதப்பட்டது. 1547 ஜனவரி 19ஆம் நாள் அவர் தலை வெட்டுண்டது. ஒரே மன்னன் பாட்டனுக்குச் சின்னத்தை அளித்துப் பெருமை செய்தான்; பேரனைச் சின்னத்தின் பொருட்டுக் கொன்றான். கேட்டுப் பெற்றது விருது. கேளாமல் எடுத்தது துரோகம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. சங்க காலத்துப் பெருவழுதியின் நாணயங்களிலேயே மீன் வடிவம் காணப்படுகிறது. இங்கே சின்னங்களை மேற்பார்க்கும் கழகம் இல்லை, வாளே கழகம். வென்றவன் தோற்றவனுடைய சின்னத்தைத் தன் முத்திரையில் சேர்த்துக்கொண்டான். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையைக் காணுங்கள். நடுவே சோழனுடைய புலி. உடன் இரண்டு கயல்களும் வில்லும். மூவேந்தர் நாடும் ஒரு குடைக்கீழ் வந்த செய்தி ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. மூன்றாம் எட்வர்டு 1340இல் பிரான்சு நாட்டு அரியணைக்கு உரிமை கோரியபோது, அந்நாட்டின் அல்லிமலர்களைத் தன் சிங்கங்களோடு சேர்த்ததும் இத்தகைய செயலே. ஆனால் சோழன் வென்ற பின் சேர்த்தான். எட்வர்டோ வெல்லுமுன்பே சேர்த்தான்.

இளவரசர் அரசச் சின்னத்தை வேறுபடுத்திக் கொள்ளும் வழக்கத்திற்கு நிகரானதும் நம் பகுதியில் உண்டு. முதலாம் இராசேந்திரன் பாண்டிய நாட்டை ஆளத் தன் மைந்தரை அனுப்பினான். அவர்கள் தம்மைச் சோழர் என்று மட்டும் சொல்லவில்லை. பாண்டியர் என்றும் சொல்லவில்லை. 'சோழபாண்டியர்' என்று அழைத்துக்கொண்டனர். பாண்டியருக்கே உரிய சடையவர்மன், மாறவர்மன் என்னும் பட்டங்களையும் சூடிக்கொண்டனர். சடையவர்மன் சுந்தர சோழபாண்டியனின் கல்வெட்டுகளை அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலில் இன்றும் காணலாம். இங்கிலாந்தின் இளவரசன் கேடயத்தில் தீட்டிய வேறுபாட்டை, நம் இளவரசன் பெயரிலே பொறித்தான்.

பிறருடைய சின்னத்தை விரும்பாதவரும் இருந்தனர். ஆரியச்சக்கரவர்த்தி என்பது பாண்டியர் படைத்தலைவர் தாங்கிய பெயர். அப்பெயரோடு யாழ்ப்பாணத்தை ஆண்ட மன்னர்கள் கயலை ஏற்கவில்லை. எருதையும் 'சேது' என்னும் சொல்லையும் தம் நாணயங்களில் பொறித்தனர். பழைய தலைவனின் நிழலை விட்டு நீங்கித் தம் காலில் நின்றதற்கு அதுவே அடையாளம்.

இப்பொழுது தென்காசிக்கு வருவோம். 1311இல் மாலிக் காபூரின் படை மதுரையைச் சூறையாடியது. பின்னர்ச் சுல்தான்கள் ஆண்டனர், விஜயநகரத்தார் வந்தனர், அவர்களுக்குப் பின் நாயக்கர் வந்தனர். மதுரையை இழந்த பாண்டியர் தெற்கே ஒதுங்கித் தென்காசியில் நிலைத்தனர். கையில் இருந்தது சிறு நாடு. பட்டங்களோ பழம் பேரரசின் பட்டங்கள். நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியரும் இம்மரபினரே. மதுரை இல்லாத பாண்டியனுக்குப் பாண்டியன் என்னும் பெயர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இங்கிலாந்து மன்னர்கள் 1558இல் பிரான்சில் தமக்கு எஞ்சியிருந்த கலே துறைமுகத்தையும் இழந்தனர். ஆயினும் பிரான்சின் அல்லிமலர்களை 1801 வரை தம் கேடயத்திலிருந்து நீக்கவில்லை. ஏறக்குறைய இருநூற்று நாற்பது ஆண்டுகள் இல்லாத நாட்டின் சின்னத்தைச் சுமந்தனர். இழந்ததை மறவாதிருத்தல் அரசர்க்கும் உரிய மனித இயல்பு போலும்.

ஆனால் பராக்கிரம பாண்டியன் அந்தப் பழம்பெருமையோடு நின்றுவிடவில்லை. வடக்கே உள்ள காசியின் பெயரைத் தன் ஊருக்குச் சூட்டி, 1446இல் விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். அக்கோயிற் கல்வெட்டில் அவன் பொறித்த ஒரு வேண்டுகோள் உண்டு. இத்திருப்பணியைப் பின்னாளில் காப்பவர் யாராயினும் அவர் பாதங்களில் தான் பணிந்து வீழ்வதாக அம்மன்னன் கூறுகிறான். 'என் குலத்தார் காக்க' என்று அவன் எழுதவில்லை. 'கயற்கொடிக்கு உரியவர் காக்க' என்றும் எழுதவில்லை. காப்பவர் யாராயினும் என்றான்.

அவ்வாறு காக்க வேண்டிய காலமும் வந்தது. 1924இல் சிதைந்த அக்கோபுரம் என் இளமைக்காலம் முழுவதும் பிளவுண்டே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் பள்ளிக்கு நடந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்து அவ்வழியே வேலைக்கும் சென்றேன். 1990இல் அது ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்ட நாளில், கூட்டத்தில் ஒருவனாக நானும் நின்று அண்ணாந்து பார்த்தேன். கல் சுமந்தவரையும் சாந்து பூசியவரையும் பொருள் உதவியவரையும் நீங்கள் எந்தக் குலத்தார் என்று அன்று எவரும் கேட்கவில்லை. பராக்கிரமன் யார் காலில் விழுந்தானோ அவர்கள் இவர்களே என்று எனக்குத் தோன்றியது.

அந்த நாளை நினைத்தபோதுதான் என் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடை எனக்குக் கிடைத்தது. மறு வாரம் அவ்விருவரையும் கோயிலுக்கு அழைத்துச் சென்று, அந்தக் கல்வெட்டின் பொருளைச் சொன்னேன். கிழிந்த சட்டைக்காரன், "அப்படியானால் மீன் யாருடையது ஐயா?" என்று மீண்டும் கேட்டான். "அரசன் போய்விட்டான்; அரசும் போய்விட்டது. இந்தக் கோயில் மட்டும் இருக்கிறது. இதைக் காக்க யார் ஒரு கல் எடுத்து வைக்கிறானோ, அவனுக்கு அந்தச் சின்னத்தில் பங்கு உண்டு. அதற்காகச் சட்டையைக் கிழிக்கிறவனுக்கு இல்லை" என்றேன். இருவரும் தலை குனிந்தனர். என் சொல் அவர்கள் மனத்தில் எவ்வளவு பதிந்தது என்று அன்று எனக்குத் தெரியாது. பின்னொரு நாள் கோயில் பிராகாரத்தில் முளைத்திருந்த புல்லை மாணவர்கள் சிலர் அகற்றிக்கொண்டிருந்தனர். அவர்களுள் அவ்விருவரும் இருந்தனர்.

1950இல் குடியரசான நம் நாடு, அசோகருடைய சிங்கத் தூபியைத் தன் சின்னமாக ஏற்றது. அசோகர் எக்குலத்தார் என்று நோக்கி அதை ஏற்கவில்லை. அறத்தை நோக்கியே ஏற்றது. அச்சின்னத்தைத் தனியார் தவறாகப் பயன்படுத்தலாகாது என்று 2005இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஆகவே அது எல்லாருக்கும் உரியது. எவர் ஒருவருக்கும் உரியதன்று.

அன்பர்களே, அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வரும்போது தென்காசிக்கும் வாருங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்தக் கல்வெட்டின் முன் சற்று நில்லுங்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசன் பணிந்து வேண்டிக்கொண்டது உங்களையும்தான்.