சுருக்குப்பையில் கிடக்கும் வெள்ளி டாலர்கள்: விற்கும் முன் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் அசோக் நகரில் வசிக்கும் ஒரு சகோதரி, தன் மகனுடன் என்னைப் பார்க்க வந்தார். கையில் அவருடைய தாயார் மர்ஹூமா விட்டுச் சென்ற சுருக்குப்பை. உள்ளே 31 வெள்ளிக் காசுகள். பாட்டனார் பினாங்குக்குச் சபர் போய்ச் சம்பாதித்துக் கொண்டுவந்தவை.

மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி நிறுத்துவிட்டு, "பழைய வெள்ளி, பாதிதான் தேறும்" என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். "இது சரியான விலையா ஹஜ்ரத்? இதை நான் மட்டும் விற்கலாமா?" என்று கேட்டார்.

மலாயா, சிங்கப்பூர், பர்மா என்று சபர் போன சமுதாயம் நம்முடையது. இந்த இரண்டு கேள்விகளும் பல வீடுகளுக்குப் பொருந்தும்.

எந்தக் காசில் எவ்வளவு வெள்ளி?

பழைய காசு எல்லாம் ஒரே தரம் அல்ல. முதலில் வகை பிரிக்க வேண்டும்.

• பிரிட்டிஷ் வர்த்தக டாலர் (1895–1935): மூன்று முனை ஈட்டியும் கேடயமும் ஏந்தி நிற்கும் பெண் உருவம் இருக்கும். பெரும்பாலும் பம்பாய், கல்கத்தா நாணயச் சாலைகளில் அச்சானது. எடை 26.95 கிராம், வெள்ளி 90 சதவீதம். மறுபுறம் சீன எழுத்தும் அரபு எழுத்தும் இருக்கும். அந்த அரபு எழுத்தைப் பார்த்துவிட்டு, பரக்கத்தான காசு என்று சிலர் எடுத்து வைக்கிறார்கள். அது ஜாவி எழுத்தில் உள்ள மலாய். டாலரின் மதிப்பைத்தான் சொல்கிறது.

• ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் டாலர்: 1903, 1904 காசுகள் 26.95 கிராம், 90 சதவீதம். 1907 முதல் எடை 20.21 கிராமாகக் குறைந்தது. 1919 முதல் 16.85 கிராம், வெள்ளி 50 சதவீதம் மட்டுமே.

• மெக்சிகோ டாலர்: பாம்பைக் கவ்விய கழுகு இருக்கும். சுமார் 27 கிராம், 90 சதவீதம்.

• மரியா தெரசா டாலர்: அரபு நாடுகளில் பெரிதும் புழங்கியது. 28.07 கிராம், 83.3 சதவீதம். எப்போது அச்சிட்டாலும் 1780 என்றே போட்டார்கள். எனவே ஆண்டைப் பார்த்து மிகப் பழையது என்று எண்ண வேண்டாம்.

• இந்திய ஒரு ரூபாய்: விக்டோரியா ராணி காலம் முதல் 1939 வரை 11.66 கிராம், 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை 50 சதவீதம். புலி படம் போட்ட 1947 ரூபாய் வெறும் நிக்கல்.

கணக்குப் போடும் முறை

எடையை வெள்ளி சதவீதத்தால் பெருக்கினால் சுத்த வெள்ளி கிடைக்கும். ஒரு வர்த்தக டாலரில் 24.25 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதன் உலோக மதிப்பு 2,425 ரூபாய். அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். உருக்குச் செலவு, லாபம் என்று கடைக்காரர் ஓரளவு கழிப்பது நியாயம். பாதியைக் கழிப்பது நியாயமல்ல.

இது அடிமட்ட மதிப்புதான். ஆண்டு, அச்சான இடம், தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்துச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகத் தருவார்கள். 1939 ரூபாய் அரிதானது. அதனாலேயே அதில் போலிகளும் அதிகம். புளி, சபீனா போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். சேகரிப்பு மதிப்பு போய்விடும். வளையம் பற்றவைத்த காசுக்கும் அந்த மதிப்பு இல்லை.

எடை குறைந்தாலும், காந்தத்தில் ஒட்டினாலும் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து, ரசீது வாங்கி விற்பது நல்லது.

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முன்பணம், வரி, கமிஷன் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். தன் பெயரைச் சொல்லி நடக்கும் இத்தகைய மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நூறாண்டு கடந்த நாணயங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. வீட்டை இடிக்கும்போது மண்ணில் கிடைத்த புதையல் தானாகவே நம்முடையதாகிவிடாது. மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மார்க்கம் சொல்வது என்ன?

வாரிசுரிமை: தாயார் வஃபாத்தானதும் காசுகள் எல்லா வாரிசுகளுக்கும் உரியவை ஆகிவிட்டன. பை யார் வீட்டில் இருந்தாலும் மற்றவர்களின் சம்மதமின்றி விற்கக் கூடாது.

மாற்றிக்கொள்வது: பழைய காசைக் கொடுத்துப் புதுக் கொலுசு வாங்கும் பழக்கம் உண்டு. வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும்; கூடுதல் குறைவு வட்டியாகிவிடும். காசை விற்றுப் பணத்தைக் கையில் வாங்கி, பிறகு அந்தப் பணத்தில் கொலுசு வாங்குங்கள். கைபர் பேரீச்சம்பழம் விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இதுவே. காசைக் கொடுத்துவிட்டு, 'பணம் அடுத்த வாரம்' என்ற தவணையும் வேண்டாம்.

ஜகாத்: ஷாஃபிஈ மத்ஹபில் சுத்த வெள்ளியே கணக்கு. 595 கிராம் என்ற அளவில் 25 வர்த்தக டாலர்கள் நிஸாபை எட்டும். ஹனஃபி மத்ஹபில் வெள்ளி மிகுந்த காசு முழுவதும் வெள்ளியாகவே கருதப்படும். 612.36 கிராம் என்ற அளவில் 23 போதும். ஒருவருக்கே சொந்தமாக ஓர் ஆண்டு இருந்தால் 2.5 சதவீதம் கடமை. 'ஞாபகத்துக்கு வைத்திருக்கிறோம்' என்பது காரணமாகாது.

அந்தச் சகோதரியின் கணக்கு

பிரித்துப் பார்த்ததில் 19 வர்த்தக டாலர்கள், 8 விக்டோரியா ரூபாய்கள், 4 மட்டுமே பாதி வெள்ளி. கடைக்காரர் சொன்ன 'பாதி' அந்த நான்குக்குத்தான் பொருந்தும்.

தந்தை முன்பே வஃபாத்தாகிவிட்டார். இரண்டு சகோதரர்கள் இருப்பதால், ஐந்தில் ஒரு பங்குதான் சகோதரிக்கு. அதைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. ஆனாலும் அன்றே இருவருக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். அண்ணன் தன் பங்கை மருமகனின் படிப்புக்கு மனமுவந்து கொடுத்தார். தம்பி தன் பங்கைப் பணமாகக் கேட்டார். அது அவர் உரிமை. மீதிக் கட்டணத்துக்குச் சகோதரி தன் வளையல் ஒன்றை விற்றார்.

ஹலாலான பணத்தில் படிக்கும் அந்தப் பிள்ளையின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.