எந்த மருந்து முதலில்?

மல்லாங்கிணறுக்காரனுக்கு "மருந்து" என்றால் முதலில் தீப்பெட்டி மருந்துதான். குச்சியை மெழுகில் முக்கிய பிறகே மருந்தில் முக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பற்றாது. நான் சொல்ல வந்தது வேறொரு மருந்து வரிசை.

1990களின் கடைசியில் என் தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். சென்னையில் ஒரு மாத ஊசியிலேயே ரத்தம் சுத்தமாகிவிட்டது. "அதான் சரியாப் போச்சே, ஊருக்குப் போயிரலாமா டாக்டரம்மா?" என்று அம்மா கேட்டாங்க. "இது முதல் படிதாம்மா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு." அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று இன்ஜினியரான பிறகுதான் தேடிப் படித்தேன்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் அமெரிக்க ஆய்வுக்குழு தந்த அமினோப்டெரின் மருந்தால் குழந்தைகளின் நோய் பின்வாங்கியதை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948-இல் வெளியிட்டார். ஆனால் சில மாதத்தில் நோய் திரும்பியது. 1960களின் தொடக்கத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் இருவரும் நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். (அதில் ஒன்றான வின்கிரிஸ்டின், நம்ம ஊர் நித்தியகல்யாணிச் செடியில் கிடைப்பது.)

சேர்த்தால் மட்டும் போதாது. மெத்தோட்ரெக்சேட், பெருகிக்கொண்டிருக்கும் செல்லைத்தான் பிடிக்கும். அஸ்பராஜினேஸ் முன்னால் போனால் செல் பெருகாமல் நின்றுவிடும். பின்னால் வரும் மெத்தோட்ரெக்சேட் வீண். அதையே முதலில் கொடுத்து, ஒரு நாள் கழித்து அஸ்பராஜினேஸ் கொடுத்தால் இரண்டும் வேலை செய்யும். அதே மருந்துகள், வரிசைதான் வேறு!

நம் ஒர்க்‌ஷாப் ரெக்கார்டில் வேலைப் படிகள் எழுதுவோமே, அப்படி ஓர் அட்டவணைதான் 1984-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தொடங்கிய எம்.சி.பி. 841. டாக்டர் சாந்தாவும் அமெரிக்காவின் இயான் மக்ராத்தும் அதில் முக்கியமானவர்கள். மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைகளும் அதைப் பின்பற்றின. முதல் மாதம் பிரெட்னிசோலோன், வின்கிரிஸ்டின், டானோரூபிசின், அஸ்பராஜினேஸ். அடுத்து மெர்காப்டோபூரின், சைக்ளோபாஸ்பமைடு, தலைக்குக் கதிர்வீச்சு. பிறகு முதல் படியே மறுபடியும்! அப்புறம் நீண்ட பராமரிப்பு.

சுத்தமான ரத்தத்துக்கு மறுபடி ஏன்? நோய் தெரியும்போது உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்றுசெல்கள். நூறு கோடியாகக் குறைந்தாலே மைக்ராஸ்கோப்பில் தெரியாது. அந்த நூறு கோடிக்குத்தான் மீதி இரண்டு வருஷம்.

1970களில் 20 சதவீதம்கூடப் பிழைக்கவில்லை. இந்த அட்டவணையும் கூடவே வளர்ந்த பராமரிப்பு வசதிகளும் வந்த பிறகு, நான்கு வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அந்த மூன்று இடங்களிலும் 45 முதல் 60 சதவீதம் என்று 2005-இல் வெளியான கட்டுரை சொல்கிறது.

அம்மா ஒரு கோடு போட்ட நோட்டில் ஊசித் தேதிகளை எழுதி வைத்திருந்தாங்க. ஒரு தேதிகூடத் தப்பவில்லை. தங்கை இப்போது பள்ளி ஆசிரியை. பக்கத்துக் கட்டில் பையனை முதல் மாதத்தோடு வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். ஆறு மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.