கல்லூரி மாணவர்களுக்கான மனநல ஆலோசனையும் ஆதரவும்: புதியம்புத்தூர் வட்டார மாணவர்கள் அறிய வேண்டியவை

ஆலோசனை என்பது மனநோய்க்கான சிகிச்சை மட்டுமன்று. அரியர் தாள்கள், கல்விக் கட்டணம், காதல் முறிவு, ராகிங், வீட்டுப் பூசல், உறக்கமின்மை என எது வாட்டினாலும், பயிற்சி பெற்ற ஒருவரிடம் மனம்விட்டுப் பேசி வழி தேடுவதே ஆலோசனை.

ஓட்டப்பிடாரம் வட்டத்திலுள்ள புதியம்புத்தூர், ஆயத்த ஆடைத் தையலுக்குப் பெயர் பெற்றது. இவ்வூரிலிருந்தும் சுற்றியுள்ள கரிசல் சிற்றூர்களிலிருந்தும் மாணவர் பலர் தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ பேருந்தில் சென்று பயில்கின்றனர். கல்லூரி ஆலோசகரைச் சந்திப்பதற்கான நேரமும் பேருந்து நேரமும் பெரும்பாலும் மோதிக்கொள்ளும். வீடு திரும்பியபின் தையல் வேலையில் கைகொடுக்க வேண்டியவர்களும் உளர். எனவே, வீட்டிலிருந்தே எட்டக்கூடிய சேவையை முதலில் அறிதல் நலம்.

14416 தொலைபேசிச் சேவை

மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு’ என்னும் பெயரில் இயங்குகிறது. 14416 என்ற எண்ணை 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவையெனில் மனநல மருத்துவருடன் இணைப்பார் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். பெயரைத் தெரிவிக்க விருப்பமில்லையெனில் அதனைத் தொடக்கத்திலேயே கூறிவிடலாம்.

ஒரே அறையில் குடும்பத்தினர் அனைவரும் உறங்கும் வீட்டில் தனித்துப் பேச இடம் கிடைப்பது அரிது. மொட்டைமாடியோ பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமோ போதும். செல்பேசியைப் பிறரும் பயன்படுத்துவராயின், பேசி முடித்தபின் அழைப்புப் பட்டியலிலிருந்து எண்ணை நீக்கிவிடலாம்.

கல்லூரியிலும் மருத்துவமனையிலும்

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று நெறிமுறை வகுத்துள்ளது. ஆகவே, ஆலோசகர் யார், எங்கு அமர்கிறார் எனக் கேட்பது மாணவரின் உரிமை, சலுகை கோருவதாகாது. தமிழ்நாடு அரசின் ‘மனம்’ மன்றங்கள் 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கப்பட்டன. ராகிங் தொடர்பான புகார்களுக்கு 1800 180 5522 என்ற எண் உள்ளது.

நேரில் மருத்துவரைக் காண, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையையும் அணுகலாம்.

வெளியே தெரிந்துவிடுமா?

பலரைத் தடுப்பது தொலைவன்று, இந்த அச்சமே. ஊரில் ஒரு பேச்சு எழுந்தால் திருமணம் வரை தொடருமோ எனப் பெற்றோரும் தயங்குகின்றனர். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை மருத்துவப் பணியாளர்கள் இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. அவருக்கோ பிறருக்கோ ஆபத்து நேரக்கூடும் என்னும் நிலை போன்ற சில சூழல்களில் மட்டும் தேவையான அளவு தெரிவிக்க இடமுண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார் என்றும், மாறாக நிறுவப்பட்டாலன்றி அவரைத் தண்டிக்கலாகாது என்றும் அச்சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது.

நண்பர் ஒருவர் துவண்டிருந்தால்

‘வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ என நேரடியாகக் கேட்கலாம். அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாது, அவர் அருகில் இருந்தபடியே 14416 எண்ணை அழைக்கவும். பருத்தியும் பயறும் விளையும் வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருப்பது வழக்கம்; அதனைப் பூட்டிவைத்துச் சாவியை வேறொருவரிடம் அளிக்குமாறு வீட்டாரிடம் கூறவும். அருந்திவிட்டார் என ஐயமிருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிடினும் உடனே 108ஐ அழைக்கவும். வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். மருந்துப் புட்டியை மருத்துவமனைக்கு உடன் எடுத்துச் செல்லவும்.