அட்மினிஸ்ட்ரேட்டர் சாவி யார் கையில்?

வாசலில் எத்தனை பெரிய பூட்டு தொங்கினாலும், கொல்லைக் கதவு திறந்து கிடந்தால் என்ன பயன்? வீட்டுக் கணினியின் வரலாறு ஏறக்குறைய இப்படித்தான் போயிருக்கிறது.

கணினிக்குக் கடவுச்சொல் போடும் பழக்கம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வதற்காக பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் அமைத்த சி.டி.எஸ்.எஸ். முறையில் ஆளுக்கொரு கடவுச்சொல் இருந்தது. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் அந்தக் கடவுச்சொல் கோப்பை அப்படியே அச்சடித்து எடுத்துவிட்டார்! அவருக்குத் தேவைப்பட்டது கூடுதல் கணினி நேரம், அவ்வளவுதான். ஆக, பூட்டு பிறந்த வேகத்தில் கள்ளச்சாவியும் பிறந்துவிட்டது.

அடுத்து வந்தது யூனிக்ஸ். அதில் 'ரூட்' என்ற ஒரு கணக்குக்கு மட்டுமே சகல அதிகாரமும். மற்றவர்கள் தங்கள் கோப்புகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பணத்தைக் கையாள்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று வணிகவியல் பாடத்தில் வருமே, கிட்டத்தட்ட அதே தத்துவம்.

ஆனால் வீட்டுக் கணினிகளில் இந்தத் தத்துவம் காற்றில் பறந்தது. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் 'கேன்சல்' அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். 2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி நிலைமையைக் கொஞ்சம் மாற்றியது. ஆனால் அதன் ஹோம் பதிப்பில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு வரவேற்புத் திரையில் தெரியாமல், கடவுச்சொல்லும் இல்லாமல் ஒளிந்திருந்தது. சேஃப் மோடில் கணினியைத் திறந்தால் அது தலைகாட்டும். அப்பா தன் கணக்குக்குப் பூட்டு போட்டிருப்பார், பையன் பின்வாசல் வழியாக நுழைந்திருப்பான்!

2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவில்தான் அந்த ஒளிந்த கணக்கு முடக்கி வைக்கப்பட்டது. முக்கிய மாற்றங்களுக்கு அனுமதி கேட்கும் முறையும் அப்போதுதான் வந்தது.

இனி நம் ஊர்ப் பக்கம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கொள்முதல் எல்காட் பொறுப்பு. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் மூலமாக, சிமெண்ட் ஆலைக்குப் பேர்போன ஆலத்தியூர் போன்ற ஊர்களிலும் கணினி வீட்டுக்குள் வந்தது. ஒரு மாணவி வாங்கி வந்த மடிக்கணினி தம்பி, மாமா, பக்கத்து வீட்டுப் பையன் என்று கைமாறும். அவளுடைய சான்றிதழ்களும் புகைப்படங்களும் அதற்குள்ளேயே இருக்கும்.

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு லினக்ஸும் சேர்ந்து வந்ததுண்டு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். விண்டோஸ் கடவுச்சொல் விண்டோஸ் ஓடும்போது மட்டுமே காவல் காக்கும். லினக்ஸ் வழியாகத் திறந்தால், குறியாக்கம் செய்யாத வட்டில் உள்ள கோப்புகளைத் தடையின்றிப் படிக்கலாம். பென் டிரைவில் லினக்ஸ் கொண்டுவந்தாலும் இதே கதைதான்.

ஆகவே வரலாறு சொல்லும் பாடம் இது. அன்றாட வேலைக்குச் சாதாரண கணக்கு, அட்மினிஸ்ட்ரேட்டருக்குத் தனிக் கடவுச்சொல், வேறு டிரைவிலிருந்து கணினி தொடங்காதபடி பயாஸில் ஒரு பூட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக வட்டுக்குக் குறியாக்கம். அதை மீட்கும் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வைப்பது அவசியம். அது தொலைந்தால் சொந்தக்காரரும் வெளியே நிற்க வேண்டியதுதான்!

வீட்டு ஆட்கள் மேல் சந்தேகமா என்று சிலர் கேட்பார்கள். நகைப்பெட்டிக்குப் பூட்டு போடும் வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஒரு பெண்ணின் படிப்பும் அந்தரங்கமும் அடங்கிய பெட்டிக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும்.