இரட்சணிய யாத்திரிகமும் சரணாகதி மரபும்

நல்லவனாக வாழ்ந்தால் போதாதா? சமயம் பற்றிய உரையாடல் எழும் இடமெல்லாம் இவ்வினா எழாமற் போவதில்லை. நாம் வாழும் ஈஜிபுராவின் நெருக்கமான தெருக்களில், ஒரு சுவருக்கு இப்பால் மார்கழித் திருப்பாவையும் அப்பால் கிறிஸ்துமஸ் கீர்த்தனையும் ஒரே தமிழில் ஒலிக்கின்றன. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பங்கள் பலகாரத் தட்டுகளை மாற்றிக்கொள்வது போலவே கேள்விகளையும் மாற்றிக்கொள்கின்றன. மனிதன் தன் நற்செயலால் கரையேறுவதில்லை, இறைவனுடைய மன்னிப்பினாலேயே கரையேறுகிறான் என்று கிறிஸ்தவ நண்பர் கூறும்போது, வினைப்பயன் என்னும் சொல்லைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த உள்ளம் சற்றே துணுக்குறுகிறது. அப்படியாயின் அறம் எதற்கு? வாழ்நாள் முழுதும் ஒழுகியவனும் கடைசி நாளில் கைகூப்பியவனும் ஒன்றா?

இவ்வினாவுக்குச் சமய நூலார் விடை பல தந்துள்ளனர். நாம் ஈண்டுக் காண விழைவது வரலாற்றை. இக்கொள்கை தமிழ் மண்ணுக்கு எவ்வாறு வந்தது, தமிழ் அதனை எந்தச் சொற்களால் ஏற்றது என்பதையும், நெல்லைச் சீமையின் புலவர் ஒருவர் அதற்காகக் கம்பனுடைய யாப்பையே கருவியாகக் கொண்ட வரலாற்றையும் சிறிது நோக்குவோம்.

மன்னிப்பினால் மீட்பு என்னும் கருத்து விவிலியத்திலேயே உள்ளது. திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் கதையில், விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் ஒரே கூலி தரப்படுகிறது. பணிப்பதிவேடும் ஊதிய உயர்வுக் கணக்கும் எழுதிப் பழகிய நம் போன்ற எழுத்தர் கை இக்கதையை எளிதில் ஏற்காது. மூப்புப் பட்டியல் என்னாவது என்று கேட்கும். கதையில் விடியலில் வந்தவர்களும் அதையேதான் கேட்டு முணுமுணுத்தார்கள். கதை எழுந்ததே அந்த முணுமுணுப்புக்காக.

இக்கருத்தை ஐரோப்பாவில் பெரும் வழக்காக்கியவர் மார்ட்டின் லூதர். 1505-இல் அகஸ்தீனியத் துறவற மடம் புகுந்த அவர், நோன்பாலும் விழிப்பாலும் இடையறாத பாவ அறிக்கையாலும் தம்மை வருத்திக்கொண்டும் மன அமைதி பெறவில்லை. எவ்வளவு செய்தால் போதும் என்பதற்கு அளவுகோல் கிடைக்காமையே அவருடைய துயரம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தைப் படித்தபோது, கடவுளின் நீதி என்பது மனிதனிடம் கேட்கப்படும் கடனன்று, மனிதனுக்கு அளிக்கப்படும் கொடை என்று கண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டதை எதிர்த்து 1517-இல் 95 கூற்றுகளை வெளியிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 1545 முதல் 1563 வரை திரெந்து நகரில் கூடிய சங்கத்தில் இதற்கு மறுமொழி கூறிற்று. அருள் முதலில் வருவது உண்மையே, ஆயினும் மனிதனுடைய இசைவும் அவ்வருளால் விளையும் நற்செயலும் பயனற்றவை அல்ல என்பது அம்மறுமொழியின் சாரம். சண்டை பெரிதாயிற்று. அரசர்களும் அதற்குள் புகுந்தனர்.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு இந்த லூதர் மரபினர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கு அனுப்பிய இவ்விளைஞர், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஒருவனுடைய நற்குணம் அவனை மீட்காது என்று போதிக்க வந்தவர், ஈராண்டுக்குள் செய்த வேலை என்ன தெரியுமா? நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்று அறநூல்களை 1708-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார்! அறவுணர்வில் தமிழர் எவ்வளவு உயர்ந்தவர் என்பதைத் தம் நாட்டவர் அறியவேண்டும் என்பது அவர் கருத்து. அம்மொழிபெயர்ப்பு 1930 வரை அச்சேறவில்லை. தமிழ்த் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய நூலும் 1867 வரை கையெழுத்துப் படியாகவே கிடந்தது.

அறநூல் கற்ற தமிழரும் அவரிடம் வாளா இருக்கவில்லை. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடி ஊழியர்கள் தமிழரிடம் கேள்விகள் விடுத்துப் பெற்ற மறுமொழிக் கடிதங்கள் ஹாலே நகரில் அச்சிடப்பெற்றன. அவற்றில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியும் ஒழுக்கக் கேடும் பலவாறாகப் பழிக்கப்படுகின்றன. இது வெறும் வசையன்று. மன்னிப்பினால் மீட்படைந்தோம் என்பவர்களின் நடத்தை இப்படியா இருக்கும் என்னும் கேள்வி அதனுள் பொதிந்துள்ளது. நாம் தொடக்கத்தில் குறித்த வினாவை நம் முன்னோர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டனர்.

1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகியது. 1719-இல், நாற்பது வயதும் நிரம்பாமல், சீகன்பால்கு மறைந்தார். அவருக்குப் பின் வந்தோர் சொற்களைத் தேடினர். சொற்களோ முன்னரே இங்கிருந்தன. இரட்சிப்பு, கிருபை, பாவம், விசுவாசம், அடைக்கலம் என்று இன்று தேவாலயங்களில் ஒலிப்பனவற்றுள் பல, வைணவ உரையாசிரியர்களின் ஏடுகளிலும் பக்திப் பாடல்களிலும் நெடுங்காலம் புழங்கியவை. கடன் வாங்கிய சொல் தன் பழைய வீட்டின் மணத்தையும் உடன் கொண்டே வரும் என்பதை மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர்.

இங்கே வைணவத்தின் உள்வழக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இராமானுசருக்குப் பின் தமிழ் வைணவர் இரு கலையாகப் பிரிந்தமைக்குக் காரணமானவற்றுள் தலையாயது, வீடுபேற்றில் மனிதனுடைய பங்கு எவ்வளவு என்னும் கேள்வியே. குரங்குக் குட்டி தாயைத் தன் கைகளால் பற்றிக்கொள்கிறது; பூனைக் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை, தாயே கவ்விச் செல்கிறது. வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார், இறைவன் அருளுக்கு உயிர் ஒரு சிறு ஏதுவையேனும் காட்டவேண்டும் என்றனர். பிள்ளை உலகாசிரியர் வழிவந்த தென்கலையார் அதுவும் வேண்டா, அருள் காரணமற்றது, நிர்ஹேதுகம் என்றனர். பிள்ளை உலகாசிரியர் இன்னும் ஒருபடி மேற்சென்று, ஈன்ற பசு கன்றின் மேனி அழுக்கை நாவால் துடைத்து இன்புறுவது போல, இறைவன் அடியவனுடைய குற்றத்தையே இன்பப் பொருளாகக் கொள்வான் என்னும் கருத்தையும் ஆண்டார். கேட்டோர் அஞ்சினர். அப்படியானால் குற்றம் செய்வது நல்லதாகிவிடாதா என்று எதிர்த் தரப்பினர் வினவினர். லூதரைப் பார்த்து உரோமாபுரிக்காரர் கேட்டதும் இதுவே. இரு பிணக்குகளுக்கும் இடையே இரு நூற்றாண்டும் ஏழு கடலும் இருந்தன என்பதை நினைக்கையில் வியப்பே மேலிடுகிறது.

இந்தப் பின்புலத்தில் பிறந்தவர்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், கம்பராமாயணம் வீட்டுப் பேச்சாக விளங்கிய வைணவ வேளாளர் குடியில் தோன்றினார். நம்மாழ்வார் அவதரித்த திருநகரியைத் தன்னகத்தே கொண்ட பொருநைக் கரை அது. கிறிஸ்தவத்தை வெறுத்தே வளர்ந்தவர், 1853-இல் சாயர்புரம் கல்விக்கூடத்தில் தமிழாசிரியர் பணி ஏற்றார். உடன் பழகிய நண்பரும் உடன்பிறந்த தம்பியும் சமயம் மாற, அவருள்ளும் போராட்டம் மூண்டது. 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரையும் ஏற்றார். வைணவக் குடியில் ஒருவர் வேற்றுச் சமயம் புகுவது அக்காலத்தில் வீட்டில் இழவு விழுந்ததற்கு ஒப்பானது. ஆகவே இம்மாற்றத்தைச் சலுகைக்கோ உத்தியோகத்துக்கோ நிகழ்ந்ததாகக் கொள்வது பொருந்தாது. தம் மனமாற்றத்தின் வரலாற்றை அவரே எழுதிவைத்தார். அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் ஹட்சன் 1972-இல் வெளியிட்ட கட்டுரையில், அம்மாற்றத்துக்கும் வைணவச் சரணாகதிக் கொள்கைக்கும் உள்ள ஒப்புமைகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அப்போராட்டத்தின் கனியே இரட்சணிய யாத்திரிகம். 1894-இல் நூலாக வெளிவந்த இக்காவியம், ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்னும் ஐந்து பருவங்களில் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. மூலம், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதை. உரிமம் இன்றிப் போதித்த குற்றத்துக்காகப் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்த பாத்திரத் தொழிலாளி பனியன். மோட்சப் பிரயாணம் என்னும் பெயரில் தமிழ் உரைநடையாகவும் பலர் அறிந்த கதை அது.

அக்கதையின் தொடக்கத்திலேயே நம் பொருளுக்கு உயிரான நிகழ்ச்சி ஒன்று வருகிறது. முதுகில் பாவச் சுமையோடு புறப்பட்ட வழிப்போக்கனை உலக ஞானம் மிக்க கனவான் ஒருவர் எதிர்ப்படுகிறார். அவ்வளவு தூரம் போவானேன், அருகில் நல்லொழுக்கம் என்று ஓர் ஊர் உண்டு, அங்கே சட்டம் அறிந்த பெரியவர் ஒருவர் சுமையை இறக்கிவிடுவார், அண்டை அயலார் நல்லவர்கள், வாடகையும் குறைவு என்று வழிகாட்டுகிறார். பயணி அத்திசையில் திரும்புகிறான். வழியில் ஒரு குன்று. தலைமேல் சரிந்து விழுவது போல் தொங்குகிறது. நெருப்புப் பொறியும் தெறிக்கிறது. சுமை முன்னைவிடக் கனக்கிறது. பயணியைக் கெடுக்க வந்த அவ்வூர் கள்ளர் குகையன்று, கண்ணியமானவர்கள் வாழும் நல்ல ஊர் என்பதே பனியனுடைய கூர்மை. பின்னர் சிலுவையின் முன் நின்றபோது, அவன் ஒன்றும் செய்யாமலே சுமை அவிழ்ந்து உருண்டு ஒரு கல்லறைக்குள் மறைகிறது. கழுத்தில் கவ்வப்பட்ட பூனைக்குட்டியை நெல்லை வைணவர் இங்கே நினையாமல் இருந்திருப்பாரா?

ஆயினும் கிருஷ்ண பிள்ளை பனியனைத் தமிழில் படியெடுத்தவர் அல்லர். மூலத்தில் இல்லாத இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் குமார பருவத்தில் விரித்துப் பாடினார். பனியனுடைய வாசகர்க்கு அக்கதை தொட்டில் பழக்கம். தமிழ் வாசகர்க்கு அன்று. இது வெளிக்காரணம். உட்காரணம் ஒன்றும் உண்டு என்பது நம் கருத்து. மன்னிக்கும் தெய்வம் அவருக்குப் புதிதன்று. இலங்கையிலிருந்து வந்த வீடணனுக்கு இராமன் அடைக்கலம் அளித்த படலத்தை அறிந்தவருக்கு, வந்தவனுடைய தகுதியை ஆராயாத அருள் புதிதாகுமா? புதிதாக இருந்தது, அம்மன்னிப்புக்கு மன்னிப்பவனே விலை கொடுத்தான் என்பதுதான். பசு கன்றின் அழுக்கைத் துடைக்கிறது. இங்கோ அழுக்கு துடைத்தவன் மேலேயே ஏறி அவனைக் கொல்கிறது. இவ்வேறுபாட்டை மழுப்பி, எல்லாச் சமயமும் ஒன்றே என்று முடித்துவிடுவோர் இரு சமயத்துக்கும் நீதி செய்தவராகார்.

அறம் எதற்கு என்னும் வினாவுக்குக் கதையின் அமைப்பே விடை கூறுகிறது. சுமை விழுவது பயணத்தின் முடிவிலன்று, முற்பகுதியில். மேடும் பள்ளமும் சிறையும் மாயாபுரிச் சந்தையும் அதன் பின்னரே வருகின்றன. நல்லொழுக்கம் மீட்புக்குக் கட்டணமாக அன்றி, மீட்கப்பட்டவன் நடையாக அமைகிறது. லூதரும் நல்ல மரமே நல்ல கனி தரும் என்னும் விவிலிய உவமையால் இதையே விளக்கினார்.

கொள்கை இவ்வாறிருக்க, நடைமுறை எவ்வாறிருந்தது? சொல்லக் கூசினாலும் சொல்லவேண்டும். எவனுடைய தகுதியும் தேவனுக்கு முன் செல்லாது என்றால், பிறப்பினால் வந்த தகுதி எப்படிச் செல்லும்? ஆயினும் பழைய தமிழ்ச் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக இருக்கை வகுத்தே வழிபட்டனர். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் இவ்வேற்றுமைகளை ஒழிக்க ஆணையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே விலகினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே சாதி ஆசாரத்துக்கு ஆதரவாக எழுதினார். மன்னிப்பை ஏற்பது எளிது, அதே மன்னிப்பைப் பெற்ற இன்னொருவனோடு ஒரே பாயில் அமர்வது அரிது போலும்.

ஐரோப்பாவின் பிணக்கு மெல்லத் தணிந்தது. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கு நகரில், உலக லூதரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும், மனிதன் தன் தகுதியால் அன்றி அருளாலேயே ஏற்கப்படுகிறான், அவ்வருளே அவனை நற்செயலுக்கு அழைக்கிறது என்று பொது அறிக்கையில் ஒப்பமிட்டன. மெதடிஸ்டுகள் 2006-லும், சீர்திருத்தச் சபையினர் 2017-லும் அதனோடு இணைந்தனர். தமிழில் மட்டும் இரு தரப்பாரும் இன்னும் சொல்லால் வேறுபடுகின்றனர். ஒருவர் கிருபை என்பதை மற்றவர் அருள் என்பர்; இரட்சிப்பு என்பதை மீட்பு என்பர்; நீதிமானாக்கப்படுதல் என்பதை ஏற்புடையவராதல் என்பர்.

இரட்சணிய மனோகரம் என்னும் பாடல் நூலையும் தந்த கிருஷ்ண பிள்ளை 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். அவருடைய காவியத்தை இன்று புரட்டுவோர் சிலரே. கம்பனைக் கற்றோர் அதைக் கிறிஸ்தவ நூல் என்று ஒதுக்குகின்றனர். கிறிஸ்தவர் அதைக் கடினத் தமிழ் என்று ஒதுக்குகின்றனர்.

அவர் மறைந்த அதே 1900-இல் வேறொரு நூலும் வெளிவந்தது. கிருஷ்ண பிள்ளை பின்னர்த் தமிழாசிரியராய் அமர்ந்த சாயர்புரம் கல்விக்கூடத்தை முன்பு நிறுவியவர் ஜி. யு. போப். அவரே 1871-இல் நம் பெங்களூருக்கு வந்து பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றுச் சில ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார். திருக்குறளை 1886-இல் ஆங்கிலத்தில் தந்திருந்த அவர், எண்பது வயதில் வெளியிட்ட நூல், தம்மை நாயோடு ஒப்பிட்டுத் தகுதியற்றவனுக்குக் கிடைத்த அருளை எண்ணி உருகிய மாணிக்கவாசகரின் திருவாசகம்.