பெல்ஃபாஸ்ட் டிரையரும் ஹட்டன் வார்ப்பும்

சிலோன் டீ என்று பெட்டியில் அச்சடித்து லண்டனுக்கு அனுப்பிய தேயிலையில் கொழுந்து எங்கள் மலையுடையது, பறித்த கை எங்கள் பெண்களுடையது. அந்தக் கொழுந்தை உருட்டிய ரோலர் இங்கிலாந்தில் கெயின்ஸ்பரோ என்கிற சிறு ஊரிலிருந்து வந்தது. காய வைத்த டிரையர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்தது. ஓடைத் தண்ணீரில் சுழன்று ரோலரை ஓட்டிய டர்பைன் கெண்டலில் செய்தது. ஓடை வற்றினால் அந்த வேலையைப் பார்த்த எண்ணெய் எஞ்சின் லிங்கனில் செய்தது. தேயிலையை அடைத்த பெட்டியின் பலகைகூட எஸ்தோனியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கப்பலேறித்தான் வந்தது.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் அப்பா ஃபிட்டர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. நான் ஹட்டன் டவுனில் லேத் பட்டறையில் வேலை பழகி அதிலேயே வயதானவன். டொயோட்டா போன்ற கம்பனி ஒரு காருக்கான உறுப்புகளை எத்தனை நாடுகளிலிருந்து, எத்தனை சிறு கம்பனிகளிடமிருந்து வாங்கிக் கோக்கிறது என்று பேரப்பிள்ளைகள் போனில் காட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1900-க்கு முன்பே எங்கள் மலையில் ஒவ்வொரு ஸ்டோரும் அப்படித்தான் கோக்கப்பட்டது. அந்தக் கதையில் கப்பல்காரர், கம்பனிக்காரர், தொரைமார் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. ஃபிட்டர்களின் பெயர் மட்டும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை கோப்பியில் தொடங்குகிறது. ஜோன் வோக்கர் 1854-இல் கண்டியில் பட்டறை போட்டது கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரங்களுக்காக. 1869-இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பியை அழித்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்னரே, 1867-இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அவர் தொடக்கத்தில் பங்களா விறாந்தையில் மேசைமேல் கொழுந்தைக் கையால் உருட்டினார் என்று படித்திருக்கிறேன். கையால் எவ்வளவு உருட்ட முடியும்? மலை மலையாகத் தேயிலை நட்ட பிறகு இயந்திரம் இல்லாமல் முடியாது. கோப்பிக்கென்று இருந்த பட்டறைகள் தேயிலைக்குத் திரும்பின. வோக்கர்ஸ், 1875-இல் தொடங்கிய பிரவுன் கம்பனி, அதற்கு அடுத்த வருடம் வந்த கொலம்போ கொமர்ஷல் கம்பனி ஆகிய மூன்றும் மலையகத்து இரும்பைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தன.

இயந்திரங்களை யோசித்தவர்கள் அசாம் பக்கம் இருந்தவர்கள். வில்லியம் ஜாக்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் வடிவமைத்த ரோலரை கெயின்ஸ்பரோவில் மார்ஷல் சன்ஸ் கம்பனி செய்து விற்றது. கச்சாரில் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன் ஊருக்குத் திரும்பி 1881-இல் பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ தொழிற்சாலையைத் தொடங்கினார். அடுப்பின் வெப்பக் காற்றைத் தட்டுகளில் பரப்பிய கொழுந்தின் ஊடாக இழுக்கிற டிரையர் அவருடையது. பிற்காலத்தில் கப்பல்களுக்குக் காற்றாடி செய்து பெரும் பெயர் வாங்கிய அந்தக் கம்பனியை முதலில் வளர்த்தது தேயிலை.

ரயில் 1884-இல் ஹட்டனுக்கும் 1885-இல் நானுஓயாவுக்கும் வந்தது. கொழும்பில் இறங்கிய இரும்பு ரயிலேறி, ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் தோட்டத்துக்குப் போனது. நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒடுக்கமான ரயில் பாதை ஒன்று 1904 அளவில் முடிந்தது. இப்போது அது இல்லை. வண்டி ஏற முடியாத இடத்துக்கு இரும்பைத் துண்டு துண்டாகக் கழற்றித் தோளில் சுமந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புது இயந்திரம் வாங்குவது எளிது. காசு இருந்தால் கொழும்பு ஏஜெண்டிடம் எழுதிக் கொடுத்தால் போதும். கஷ்டம் எல்லாம் தேய்மானத்தில்தான். ரோலரின் மூன்று கிராங்க்கும் இரவு பகலாகச் சுற்றும்போது பேரிங் தேயும், புஷ் ஆடும். மேசையில் கொழுந்தை நெரிக்கிற பித்தளைக் கட்டைகள் மழுங்கும். டிரையர் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் தட்டுகள் எல்லாம் நிற்கும். கொழுந்துக்கு இதெல்லாம் தெரியாது. முதல்நாள் பின்னேரம் வாட்டப் போட்டது மறுநாள் விடிய ரோலருக்குப் போயாக வேண்டும். உருட்டியது சரியான நேரத்தில் டிரையருக்குப் போகாவிட்டால் புளித்துக் கெடும். பெல்ஃபாஸ்டுக்குத் தந்தி அடித்து, கப்பல் சுவெஸ் கால்வாய் தாண்டி வர வாரக்கணக்கு. அதுவரை மலையில் கொழுந்து நிற்குமா?

அதனால் ஒவ்வொரு ஸ்டோரிலும் சாமான் அறையில் தேவைக்கு மேலேயே உறுப்புகள் வாங்கி அடுக்கியிருந்தார்கள். டொயோட்டா நேர்மாறாக, வேண்டிய சாமான் வேண்டிய நேரத்துக்கு மட்டும் வர வேண்டும் என்று ஒரு முறையையே உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. 2011-இல் ஜப்பானில் பூமி அதிர்ந்து மின்னணுச் சில்லு செய்யும் ஆலை நின்றபோது கார் உற்பத்தியும் தடுமாறியது. அதன்பின் சில்லுகளை மாதக்கணக்குக்குச் சேர்த்து வைக்கும்படி அவர்களும் தங்களுக்கு விற்பவர்களிடம் சொன்னார்கள். அந்த யோசனை அப்பாவின் சாமான் அறையில் எப்போதோ இருந்தது.

சேர்த்து வைத்ததும் தீர்ந்தால் அப்புறம் ஃபிட்டரின் கைதான். வெள்ளை ஈயப் பேரிங்கைப் பழுது பார்ப்பதை நான் அப்பாவிடம் கற்றேன். தேய்ந்த ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். தண்டை நடுவில் நேராக நிறுத்தி, ஓரங்களைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். உருகிய ஈயம் பதமா என்று பார்க்க அப்பா காய்ந்த சுள்ளியை உள்ளே விடுவார். சுள்ளி கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. தீப்பிடித்தால் சூடு கூடிவிட்டது. பிறகு ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், இடையில் நிறுத்தினால் உள்ளே பிளவு விழும். ஆறியபின் தண்டில் நீலச் சாயம் பூசி வைத்துச் சுழற்றி, நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டுவார். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். முழுப் பரப்பிலும் நீலம் ஒரே மாதிரி பரவும் வரை கையை எடுக்க மாட்டார். பழுது பார்த்த இயந்திரத்துக்குத் தேங்காய் உடைத்து, ஸ்டோர் இயந்திரங்களின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குக் கற்பூரம் காட்டிய பிறகே பெல்ட்டை மாட்டுவார்கள். டீ மேக்கர் சிங்களவராக இருந்தாலும் அந்தக் கற்பூரத்துக்குக் காத்திருப்பார்.

வார்ப்பு உறுப்புக்கு முதலில் மர அச்சு செய்ய வேண்டும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செதுக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் தொழில். எங்கள் பட்டறையில் அச்சு செய்த தச்சர் அளவுகோலை எடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கைகளின் அருமை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. பிரிட்டன் உணவு அமைச்சு சிலோன் தேயிலையை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தது, அதனால் ஸ்டோர்கள் நிற்க முடியாது. ஆனால் கப்பல்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன. எஸ்தோனியப் பலகை நின்றது, 1941 முடிவில் ஜப்பானியப் பலகையும் நின்றது. அந்த வருடந்தான் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் அரசாங்கம் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தொடங்கியது. உறுப்புகளுக்கு உள்ளூர் வார்ப்பைத் தவிர வழி இல்லை.

1950-இல் லக்சபான மின் நிலையம் ஓடத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மின் மோட்டார்கள் வந்தன. நீள ஷாஃப்டும் தோல் பெல்ட்டும் குறைந்தன.

பெரிய அடி அதன் பிறகு விழுந்தது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் எங்கள் ஆட்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கொழுந்து எடுப்பவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். ஸ்டோர் ஆட்களும் போனார்கள். எந்த ரோலர் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த டிரையர் மழை நாளில் அடங்கிப் போகும் என்று தெரிந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். என் தாய்மாமா கூடலூருக்குப் போனார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கி, அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று. "மாப்பிள்ள, இங்க மிஷின் புதுசு, ஆள் எல்லாம் நம்ம ஆளு" என்று மாமா எழுதினார். அவர் இந்த ஊரில் படித்த படிப்பு அந்த ஊருக்குப் பயன்பட்டது. எங்களுக்கு அது இழப்பு.

அவர்கள் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் வெளிநாட்டுச் சாமான் வருவதும் சுருங்கியது. 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்நியச் செலாவணி இல்லை, உரிமம் இல்லாமல் ஒரு பேரிங்கூட இறக்க முடியாது. பாண் வரிசையில் ஊர் நின்ற அந்தக் காலத்தில் எங்கள் பட்டறையின் முன் ஸ்டோர் லொறிகள் வரிசையில் நின்றன. ஒரு ஸ்டோரின் செத்த ரோலரை அறுத்து இன்னொரு ஸ்டோரின் ரோலருக்கு உயிர் கொடுத்தோம். கெயின்ஸ்பரோ என்று பெயர் பொறித்த ரோலருக்குள் உள்ளதெல்லாம் ஹட்டன் வார்ப்பாக இருந்த ஸ்டோர்களை எனக்குத் தெரியும். அந்த வருடங்களின் தேயிலை ஏலத்துக்குப் போனது என்றால் இந்தப் பட்டறைகளும் காரணம். இதை நான் உரிமையோடு சொல்கிறேன்.

1977-க்குப் பிறகு கதவு திறந்தது. கல்கத்தாவிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சாமான் வரத் தொடங்கியது. 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. பெல்ஃபாஸ்டின் சிரோக்கோ தொழிற்சாலை 1999-இல் மூடப்பட்டது. அவர்கள் செய்த டிரையர்கள் சில இங்கே இன்னும் சுடுகின்றன.

இப்போது தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கிற கணினி இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் அட்டை ஒன்று எரிந்தால் எந்த லேத்தாலும் செய்ய முடியாது. 2022-இல் டொலர் இல்லாமல் நாடு நின்றபோது அந்த அட்டைக்காகக் காத்திருந்த ஸ்டோர்க்காரர்களை நான் பார்த்தேன். பழைய ரோலர் மட்டும் எங்களிடம் வந்து பழுது பார்த்துக்கொண்டு போனது.

ஹந்தானையில் 1925-இல் கட்டிய ஸ்டோரில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. கந்தப்பளையில் ஹெதர்செட் ஸ்டோர் ஹோட்டலாகி, அதன் பழைய எஞ்சினைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் நல்ல காரியம். ஆனால் அங்கே வைத்திருப்பது கெயின்ஸ்பரோவும் லிங்கனும் செய்தவை. ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டிப் பட்டறைகளின் பரணில் மர அச்சுகள் இன்னும் கிடக்கின்றன. சிலதில் செய்தவர் பெயரும் வருடமும் பென்சிலால் எழுதியிருக்கிறது. பட்டறைகள் மூடும்போது அவை அடுப்புக்குப் போகின்றன. தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே இருக்கிறது. அவர்களோ அருங்காட்சியகமோ ஒரு லொறி அனுப்பினால், எந்தப் பட்டறையில் எந்த அச்சு கிடக்கிறது என்று நான் கூடவே வந்து காட்டுவேன்.